பாதி மந்திரம்

பாசிக்கு முங்குகிறவளிடம் கடிகாரம் இருக்காது.
அருள் நிறை மந்திரம்தான் என் கணக்கு.
முதல் பாதியை
வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே சொல்வேன்.
திருவயிற்றின் கனி வந்ததும் மூச்சை அடைத்துத்
தலைகீழாக இறங்குவேன்.
மீதிப் பாதி தண்ணீருக்குள்,
வாய் திறவாமல்,
பல்லுக்குப் பின்னால், எழுத்தெழுத்தாய்.
ஆமென் வரும்போது
இடுப்புப் பையில் இரண்டு பிடி மரிக்கொழுந்துப் பாசி இருக்கும்,
நெஞ்சு எரியும்,
உச்சந்தலையில் வெயில் தட்டும்.

இருபத்திரண்டு வருடம் இப்படி.
நான் ஜெபமாலையைக் கையில் எடுப்பதே இல்லை என்று
அன்பியக் கூட்டத்தில் பெர்பேத்து குறை சொல்வாள்.
கையில் எங்கே எடுப்பது?
பத்து விரலிலும் கிழிசல் துணி,
இல்லாவிட்டால் பார் கிழித்துவிடும்.

கச்சான் அடங்காத ஆவணியில் போனார் கஸ்பார்.
மூன்று பேர், ஒரு நாட்டுப்படகு.
பாம்பனுக்குத் தெற்கே
ஒரு மண்ணெண்ணெய்க் கேன் மட்டும் ஒதுங்கியது.
மூடி இறுக்கமாக இருந்தது.
அவர் எப்போதும் அப்படித்தான் மூடுவார்.

அதற்குப் பிறகு
கீழே போனால் வார்த்தை வரவில்லை.
எங்கள் மரண நேரத்திலும் என்கிற இடம்
கல்லாய்க் கிடந்தது.
அவர் அதைச் சொன்னாரா,
சொல்ல நேரம் இருந்ததா?
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுக்கு மூச்சு நிற்கவில்லை.
பதினெட்டில் மேலே வந்துவிடுவேன்.
தராசுக்காரன் பையைத் தூக்கிப் பார்த்து,
"என்னக்கா, பாதிதான் இருக்கு" என்றான்.
ஆமா தம்பி, பாதிதான் இருக்கு.

கல்லறைத் திருநாளில் எல்லோருக்கும் ஒரு மேடு இருந்தது.
வெள்ளையடித்த மேடு, செவ்வந்தி, ஊதுபத்தி.
நான் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு
மதில் ஓரம் நின்றேன்.
சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார்.
எந்தக் கல்லறைப் பக்கமும் நிற்காத என்மேலும்
நாலு துளி விழுந்தது.
பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அன்று கரண்ட் இல்லை.
மகள் அதில் ஒன்றை ஏற்றி
வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
புத்தகத்து வட்டி.
எங்கள் வட்டியை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆண்டவரே, உம்மோடு பேசாமல் இருந்தது ஏழு மாதம்.
கோவிலுக்கு வந்தேன், முழங்காலில் நின்றேன்,
வாயை அசைத்தேன்.
பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.
நீரும் ஒன்றும் சொல்லவில்லை.
சண்டை போட்ட வீட்டில்
முகம் பாராமல் சோறு போடுவார்களே, சாப்பிடுவார்களே,
அப்படி இருந்தோம் இரண்டு பேரும்.

தவக்காலத்து நாலாம் வெள்ளி. அமாவாசை வத்தம்.
பாசி நல்ல அடர்த்தி.
எனக்கு முன்னால் முங்கிய பெர்பேத்து
வரவில்லை.
வத்தைக்காரன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
நான் எண்ணவில்லை. இறங்கினேன்.
அவள் பை பார் இடுக்கில் சிக்கிக் கிடந்தது.
கயிறு நனைந்து முறுகியிருந்தது.
கத்தி இல்லை, பல் இருந்தது.
உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது,
இப்பொழுதும், இப்பொழுதும், இப்பொழுதும்,
அதைத் தாண்டிப் போகாமல்.
நான் சொன்னேனா, அதுவாக வந்ததா தெரியாது.

கயிறு விட்டது.
மேலே வந்து தண்ணீரைக் கக்கி முடித்ததும்
முதல் வேலையாக என்னைத் திட்டினாள்.
பை போச்சாம். நாலு கிலோ இருக்குமாம்.

முழு மந்திரம் இன்னும் வரவில்லை, ஆண்டவரே.
இப்பொழுதும் என்பது வரைக்கும் சொல்கிறேன்.
அதற்கே மூச்சு கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

நாளைக்கும் வத்தம் உண்டு.
விரலுக்குப் புதுத் துணி வேண்டும்.
கஸ்பாரின் நீலச் சட்டை ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறது.
பெர்பேத்துவுக்கும் சேர்த்து
அதைத்தான் கிழிக்கப் போகிறேன்.